டெல்டோ மாவட்டம்: பெர்லினுக்குத் தெற்கே இருந்த ஒரு பழைய ஜெர்மன் மாவட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டோ மாவட்டம் எங்கே இருந்தது?

பெர்லின் நகரத்தின் தெற்கு வாசலில் இருந்தது. மேற்கே ஹாஃபல் ஆறு, கிழக்கே டாமே ஆறு, வடக்கே ஸ்ப்ரே ஆறும் பெர்லினும். தெற்கே போகப் போக மணல் பூமி, பைன் காடு, ஏரிகள். பிரஷ்ய அரசின் பிராண்டன்பர்க் மாகாணத்தில், போட்ஸ்டாம் நிர்வாகப் பிரிவின் கீழ் இது இருந்தது. பெர்லினுக்கு வடக்கே இதே போல நீடர்பார்னிம் என்ற மாவட்டம் இருந்தது. தலைநகரத்தை வடக்கிலும் தெற்கிலும் ஒட்டியிருந்தவை இந்த இரண்டும்தான்.

எப்போது தொடங்கி எப்போது முடிந்தது?

நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு பிரஷ்யா தன் நாட்டை மாகாணம், நிர்வாகப் பிரிவு, மாவட்டம் என்று புதிதாக அடுக்கியது. அந்த 1816-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் உருவானது டெல்டோ-ஸ்டோர்கோ மாவட்டம். 1830-களின் நடுவில் ஸ்டோர்கோ பகுதி பிரிந்து அண்டைப் பகுதியான பேஸ்கோவோடு சேர்ந்துகொள்ள, டெல்டோ தனி மாவட்டமானது. 1952 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அரசு அதைக் கலைத்தது. இடைப்பட்ட காலத்தில் அதன் வடக்கு எல்லை பலமுறை சுருங்கியது. அதனால் 'டெல்டோ மாவட்டம்' என்று ஒரு பழைய ஆவணத்தில் பார்த்தால், முதலில் அந்த ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். 1870-ல் அந்தப் பெயர் குறித்த நிலப்பரப்பு வேறு, 1910-ல் வேறு, 1930-ல் முற்றிலும் வேறு.

மாவட்டத்தை யார் ஆண்டார்கள்?

லாண்ட்ராட் என்ற மாவட்டத் தலைவர். இவருக்கு இரண்டு முகம் உண்டு. ஒருபக்கம் மன்னரால் நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி: காவல், வரி, படைக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் இவர் மேற்பார்வையில் நடக்கும். இன்னொரு பக்கம் மாவட்டம் என்ற உள்ளாட்சி அமைப்புக்கும் இவரே தலைவர்: சாலை, மருத்துவமனை, சேமிப்பு வங்கி போன்றவை இந்தப் பக்கம்.

இவரோடு உட்கார்ந்து முடிவெடுத்தது கிரைஸ்டாக் என்ற மாவட்ட மன்றம். 1872 வரை அது பெரும்பாலும் பண்ணையார்களின் மன்றமாகத்தான் இருந்தது. 'ரிட்டர்குட்' எனப்படும் பிரபுப் பண்ணையை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் சொந்த வாக்கு. நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் ஒருசில பிரதிநிதிகள் மட்டும். ஒரு பண்ணையார் ஊர் முழுவதையும் வாக்கில் மிஞ்சிவிடலாம்.

1872 டிசம்பர் 13 அன்று வந்த மாவட்டச் சட்டம் இதை மாற்றியது. பெருநிலக்காரர்கள், கிராமங்கள், நகரங்கள் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துத் தேர்தல் நடந்தது. பண்ணையார் கையில் இருந்த காவல் அதிகாரம் போனது. அன்றாட நிர்வாகத்துக்கு, லாண்ட்ராட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட 6 பேரும் அடங்கிய மாவட்டக் குழு வந்தது. எல்லாருக்கும் சம வாக்கு என்பது 1918 புரட்சிக்குப் பிறகுதான். ஆனாலும் 1872 சட்டம் இல்லாமல் இந்த மாவட்டத்தின் பெரிய காரியங்கள் எதுவும் நடந்திருக்காது. சொந்த வரி, சொந்தக் கடன், சொந்த வரவு செலவு என்ற பலம் அப்போதுதான் அதற்குக் கிடைத்தது.

கிராமத்துக்கும் பண்ணைப் பகுதிக்கும் என்ன வித்தியாசம்?

பிரஷ்யக் கிராமப்புறத்தில் ஒரே பெயரில் இரண்டு நிர்வாக அலகுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று லாண்ட்கெமைண்டே, அதாவது ஊராட்சி. இன்னொன்று குட்ஸ்பெசிர்க், பண்ணைக்கே உரிய தனி அலகு. பின்னதில் ஊர் மன்றம் கிடையாது. பண்ணை உரிமையாளரே நிர்வாகம். காடுகளும் அரசு நிலங்களும்கூட இப்படித் தனி அலகுகளாக இருந்தன. டாலம் என்ற இடம் அரசுக்குச் சொந்தமான பண்ணைப் பகுதிதான். பிற்பாடு அங்கே ஆய்வு நிறுவனங்களும் மாளிகைகளும் எழுந்தன. இந்தப் பண்ணை அலகுகளை ஒழிக்க 1927 டிசம்பரில் சட்டம் வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவை ஊராட்சிகளோடு இணைக்கப்பட்டன.

மாவட்டத் தலைமையகம் டெல்டோ ஊரில்தானே இருந்தது?

இல்லை. பலர் தடுமாறும் இடம் இதுதான். டெல்டோ என்ற சிறு நகரம் மாவட்டத்துக்குள் இருந்தது, ஆனால் அலுவலகம் அங்கே இல்லை. பெர்லினில்தான் இருந்தது, அதாவது மாவட்ட எல்லைக்கு வெளியே. போட்ஸ்டாமர் பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், விக்டோரியா தெருவில் 1890–91-ல் மாவட்ட மாளிகை கட்டினார்கள். வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் ஷ்வெக்டன். பெர்லினின் புகழ்பெற்ற கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயமும் அவருடைய வேலைதான்.

இது கௌரவத்துக்காகச் செய்தது மட்டுமல்ல. மாவட்டத்தின் ரயில் பாதைகள் எல்லாம் பெர்லினில் போய் முடிந்தன. மாவட்டத்துக்குள்ளேயே சோசன் என்ற ஊரில் இருப்பவருக்கு கோபனிக் என்ற ஊருக்குப் போவதைவிட பெர்லின் போவது சுலபம். எல்லா ஊருக்கும் பொதுவான இடம் என்று பார்த்தால் அது அண்டை நகரமாகவே இருந்தது.

நகரங்கள் ஏன் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின?

1872 சட்டத்தின்படி, 25,000 பேருக்கு மேல் உள்ள நகரம் மாவட்டத்தை விட்டு வெளியேறித் தனி நகர மாவட்டமாகலாம். பெர்லினை ஒட்டிய ஊர்களோ காட்டுத்தீ வேகத்தில் வளர்ந்தன. 1877-ல் ஷார்லோட்டன்பர்க் போனது. 1899-ல் ஷோனபெர்க்கும் ரிக்ஸ்டார்ஃபும் போயின. 1907-ல் வில்மர்ஸ்டார்ஃப்.

இதில் ரிக்ஸ்டார்ஃபின் கதை தனி. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த ஊரில் 80,000 பேருக்கு மேல் இருந்தும், சட்டப்படி அது கிராமம். நகர உரிமை கிடைத்ததே 1899-ல்தான். 1912-ல் பெயரை நொய்கோல்ன் என்று மாற்றிக்கொண்டது. அப்புறம் ஸ்டெக்லிட்ஸ்: 1920-ல் பெர்லினோடு சேரும் நாள் வரை அது கிராமமாகவே இருந்தது, அதுவும் 80,000-ஐத் தாண்டிய மக்கள்தொகையோடு.

ஒரு நகரம் போகும்போது வரி கட்டுபவர்களும் கூடவே போவார்கள். மிச்சமிருக்கும் ஊர்களுக்குச் சாலை போட, மருத்துவமனை நடத்த வேண்டிய பொறுப்பு மட்டும் மாவட்டத்தோடு தங்கிவிடும். எஞ்சிய ஊர்கள் வெளியேறாமல் இருக்கவேண்டுமானால், தனியாகச் செய்யமுடியாத எதையாவது மாவட்டம் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் கால்வாய் வெட்டினார்களா?

ஒரு காரணம் அது என்றே நினைக்கிறேன். எர்ன்ஸ்ட் ஃபான் ஸ்டூபன்ராவ் 1885-ல் லாண்ட்ராட் ஆனார். 1908 வரை பதவியில் இருந்தார். அவர் வந்தபோது தெற்குப் புறநகர் ஊர்கள் கழிவுநீரையும் மழைநீரையும் எங்கே விடுவது என்று திணறிக்கொண்டிருந்தன. பேக்கே என்ற சின்ன ஓடைதான் அந்தச் சமவெளிக்கு ஒரே வடிகால். அது அடிக்கடி பொங்கிப் புல்வெளிகளைச் சதுப்பாக்கியது. ஒவ்வொரு ஊரும் தனித்தனியே குழாய் போட்டுத் தீர்க்கும் விஷயமில்லை இது.

அதே பள்ளத்தில் கப்பல் போகும் கால்வாய் வெட்டினால் என்ன? வடிகாலும் ஆகும், ஹாஃபலிலிருந்து டாமேக்குப் பெர்லின் நகரின் நெரிசலில் மாட்டாமல் சரக்குப் படகுகள் போகவும் வழியாகும், இரு கரையிலும் தொழிற்சாலைகளுக்கு மனை விற்கலாம். ஹாஃபஸ்டாட், கோண்டாக் என்ற இரு பொறியாளர்களின் நிறுவனம் திட்டம் தீட்டியது. 1900 டிசம்பரில் பாபல்ஸ்பெர்க்கில் முதல் மண் வெட்டினார்கள். 1906 ஜூன் 2 அன்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வந்து திறந்துவைத்தார். நீளம் சுமார் 38 கிலோமீட்டர்.

கிளைன்மாக்னோ மடையைப் பார்த்தால் அந்தக் கால மாவட்டத்தின் தன்னம்பிக்கை புரியும். முழுக் கால்வாயிலும் நீர்மட்ட வேறுபாட்டைச் சமாளிக்க அந்த ஒரே மடைதான். அந்தக் காலத்தில் படகுகள் தாமாக ஓடவில்லை. கரையோரத் தண்டவாளத்தில் மின்சார என்ஜின் ஓட, அதில் கட்டிய கயிறு படகை இழுத்துச் சென்றது. மின்சாரத்தையும் மாவட்டத்தின் சொந்த மின்நிலையமே கொடுத்தது. புகையில்லை, அலையடித்துக் கரை கரையவும் இல்லை.

இதையெல்லாம் கட்டியது பிரஷ்ய அரசோ பெர்லின் மாநகராட்சியோ அல்ல. காகிதத்தில் 'கிராமப்புறம்' என்று இருந்த ஒரு மாவட்டம். ஜெர்மன் உள்ளாட்சி வரலாற்றில் இதற்கு நிகரான துணிச்சலைக் காண்பது அரிது. பிரிட்ஸ், லிக்டர்ஃபெல்டே ஊர்களில் மாவட்ட மருத்துவமனைகளும் இதே காலத்தில் வந்தன. ஸ்டூபன்ராவ் 1908-ல் பெர்லின் காவல் தலைவராகப் போனார். அடுத்த ஆண்டே காலமானார்.

மாவட்டத்தில் வேறு என்ன நடந்தது?

பெர்லின் வரலாறு என்று இன்று சொல்லப்படும் பல சம்பவங்கள், நடந்த நாளில் டெல்டோ மாவட்டச் சம்பவங்கள். உலகின் முதல் மின்சார டிராம் 1881-ல் ஓடியது லிக்டர்ஃபெல்டேயில். ஓட்டோ லிலியன்தால் தன் சறுக்கு விமானத்தில் குதித்துப் பழக 1894-ல் மண்மேடு எழுப்பியதும் அதே ஊரில். 1906 அக்டோபரில் வில்ஹெல்ம் ஃபாய்க்ட் என்ற செருப்புத் தொழிலாளி ராணுவ கேப்டன் உடுப்பை மாட்டிக்கொண்டு, வழியில் கண்ட சிப்பாய்களைக் கூட்டிச் சென்று நகராட்சிக் கருவூலத்தைப் பறித்தது கோபனிக்கில். அன்று அது டெல்டோ மாவட்டத்து நகரம்.

1920-ல் என்ன நடந்தது?

பெரிய வெட்டு விழுந்தது. ஆனால் அது திடீரென வந்ததல்ல. பெர்லினும் அதன் புறநகர்களும் ஒன்றுக்கொன்று ஒட்டிய வீதிகள், ஆளுக்கொரு வரி, ஆளுக்கொரு டிராம் ஒப்பந்தம் என்று இருந்தன. குருனவால்ட், செலன்டார்ஃப் போன்ற ஊர்களில் பணக்காரர்கள் குறைந்த வரியோடு வாழ்ந்தார்கள். நொய்கோல்ன் போன்ற தொழிலாளர் நகரம் பள்ளி கட்டவே கடன் வாங்கியது. இவர்களெல்லாம் வேலை செய்த இடமோ ஒரே பெர்லின்.

முதலில் 1912-ல் ஒரு கூட்டு அமைப்பு முயற்சி செய்தார்கள். பெர்லின், அண்டை நகரங்கள், டெல்டோ, நீடர்பார்னிம் எல்லாம் அதில் உறுப்பினர்கள். போக்குவரத்து, கட்டட வரைமுறை, காடுகள் என மூன்றே விஷயங்களில் அதற்கு அதிகாரம். அதன் மிகச் சிறந்த காரியம் 1915-ல் நடந்தது: 5 கோடி மார்க் கொடுத்துப் பிரஷ்ய அரசிடமிருந்து சுமார் 10,000 ஹெக்டேர் காட்டை வாங்கி, மனை போட்டு விற்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டது. குருனவால்ட் காடு இன்றும் நிற்பது அந்த ஒப்பந்தத்தால்தான்.

போருக்குப் பின் அந்த அரைகுறை ஏற்பாடு போதவில்லை. பெர்லின் மேயர் அடோல்ஃப் வெர்முட் முழு இணைப்பை வற்புறுத்தினார். இடதுசாரிக் கட்சிகள் ஆதரிக்க, பழமைவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1920 ஏப்ரல் 27 அன்று பிரஷ்ய சட்டமன்றத்தில் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் பெருபெர்லின் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. 8 நகரங்கள், 59 ஊராட்சிகள், 27 பண்ணைப் பகுதிகள் ஒரே மாநகராகின. பெர்லினின் பரப்பு சுமார் 66 சதுர கிலோமீட்டரிலிருந்து 878 ஆனது. மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகி 38 லட்சத்தைத் தொட்டது.

டெல்டோ இழந்தவற்றில் சில: கோபனிக், ஸ்டெக்லிட்ஸ், லிக்டர்ஃபெல்டே, லாங்க்விட்ஸ், செலன்டார்ஃப், வான்சே, டெம்பல்ஹோஃப், மரியன்டார்ஃப், பிரிட்ஸ், ருடோ, டிரெப்டோ, ஆட்லர்ஸ்ஹோஃப், ஃபிரீடனாவ். மக்களில் பெரும்பகுதியும் வரி வருமானத்தில் பெரும்பகுதியும் ஒரே நாளில் போயின. கால்வாயின் பெரும்பகுதியும் இப்போது பெர்லினுக்குள்.

பெருபெர்லின் தேவையான சட்டம்தான். நொய்கோல்ன் குழந்தைகளுக்கும் குருனவால்ட் குழந்தைகளுக்கும் ஒரே நகரம் பொறுப்பேற்றது நியாயம். ஆனால் அந்தப் புறநகர்களுக்கு வடிகாலும் மருத்துவமனையும் கொடுத்து இணைப்புக்குத் தயார் செய்தது மாவட்டம். அதன் பெயர் இந்தக் கதையில் வருவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

1920-க்குப் பிறகு மாவட்டம் இருந்ததா?

இருந்தது, இன்னும் 32 ஆண்டுகள். 1908-ல் பொறுப்பேற்ற அடோல்ஃப் ஃபான் ஆகன்பாக் 1931 வரை லாண்ட்ராட்டாகத் தொடர்ந்தார். அலுவலகமும் பெர்லினிலேயே தொடர்ந்தது. எஞ்சியவை டெல்டோ, டிரெபின், சோசன், மிட்டன்வால்டே, டோய்பிட்ஸ் என்ற சிறு நகரங்களும் கிராமங்களும். ஆனாலும் அது தூங்கிவிடவில்லை. 1920 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் முதல் வானொலி இசை ஒலிபரப்பு கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுசனிலிருந்து போனது. தபால் ஊழியர்களே வாத்தியம் வாசித்தார்கள். நெசவாளர் குடியிருப்பாகத் தொடங்கிய நோவாவெஸ் 1924-ல் நகரமானது. 1938-ல் நொய்பாபல்ஸ்பெர்க்கோடு சேர்ந்து பாபல்ஸ்பெர்க் ஆனது. 1939-ல் போட்ஸ்டாம் அதை எடுத்துக்கொண்டது. மறுபடியும் மாவட்டத்தின் பெரிய நகரம் கைநழுவியது.

இந்த மாவட்டத்துக்கும் இந்தியர்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சோசனுக்குப் பக்கத்தில் வுன்ஸ்டார்ஃபில் முதல் உலகப் போரின்போது 'பிறை முகாம்' என்ற போர்க்கைதி முகாம் இருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளில் போரிட்டுப் பிடிபட்ட முஸ்லிம்களையும் இந்தியர்களையும் அங்கே வைத்தார்கள். மனம் மாற்றித் தங்கள் பக்கம் இழுக்கவேண்டும் என்பது நோக்கம். 1915-ல் அங்கே மரத்தால் ஒரு மசூதி கட்டினார்கள்; ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்றே கட்டிய முதல் மசூதி அதுதான். ஜெர்மன் மொழியியலாளர்கள் அந்தக் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். அந்தக் குரல்கள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர் திரும்பாமல் இறந்த இந்தியச் சிப்பாய்கள் செரன்ஸ்டார்ஃப் கல்லறையில் இருக்கிறார்கள். பிரான்சிலும் ஃபிளாண்டர்ஸிலும் இருக்கும் இந்தியக் கல்லறைகளுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. பெர்லின் போகும் நம்மவர்கள் ஒருமுறை போய்வர வேண்டும்.

'கிரைஸ்' சரியா, 'லாண்ட்கிரைஸ்' சரியா?

இரண்டும் மாவட்டத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொற்கள். 1938 முடிய கிரைஸ் டெல்டோ. 1939 ஜனவரி 1 முதல் லாண்ட்கிரைஸ் டெல்டோ. ஜெர்மனி முழுவதும் ஒரே மாதிரி வந்த பெயர் மாற்றம் இது, எல்லையில் மாற்றமில்லை.

ஸ்டைன்ஸ்டூக்கன் விவகாரம் என்ன?

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டோல்ப என்ற கிராமத்து விவசாயிகள் தங்கள் ஊருக்குச் சற்று வெளியே கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அதுதான் ஸ்டைன்ஸ்டூக்கன். இடையில் வேறு ஊர் நிலம். டெல்டோ மாவட்டத்துக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டும் ஒரே லாண்ட்ராட்டின் கீழ்தானே. 1898-ல் ஸ்டோல்ப வான்சேயோடு சேர்ந்தது. 1920-ல் வான்சே பெர்லினோடு சேர்ந்தது; கூடவே அந்தத் துண்டு நிலமும் பெர்லின் ஆனது. சுற்றியிருந்த பாபல்ஸ்பெர்க் டெல்டோவில் தங்கியது.

1945-ல் பெர்லினின் 1920 எல்லையை அப்படியே எடுத்துக்கொண்டு நேச நாடுகள் நகரத்தைப் பங்கிட்டன. ஆகவே ஸ்டைன்ஸ்டூக்கன் அமெரிக்கப் பகுதி. சுற்றிலும் சோவியத் பகுதி. 1961-ல் பெர்லின் சுவர் எழுந்தபோது சுமார் 200 பேர் அங்கே அடைபட்டார்கள். செப்டம்பரில் அமெரிக்க ஜெனரல் லூசியஸ் கிளே ஹெலிகாப்டரில் போய் இறங்கி, இது எங்கள் பொறுப்பு என்று காட்டினார். கடைசியில் நிலப் பரிமாற்றம் செய்து 1972-ல் ஒரு சாலையைத் திறந்தார்கள். இருபுறமும் சுவர் எழுப்பிய, சுமார் ஒரு கிலோமீட்டர் சாலை.

மாவட்ட எல்லை வரலாறு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஊரைத்தான். விவசாயிகள் வாங்கிய நிலம், ஊராட்சி இணைப்பு, மாநகராட்சிச் சட்டம் என்று படிப்படியாக ஏறி இரண்டு வல்லரசுகளின் எல்லையாக நின்றது.

1952-ல் மாவட்டத்தை எப்படிப் பிரித்தார்கள்?

போருக்குப் பின் தலைமையகம் பெர்லினை விட்டு மாலோ என்ற ஊருக்கு வந்தது. 1945 இலையுதிர்கால நிலச் சீர்திருத்தத்தில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் பறிக்கப்பட்டுப் பங்கிடப்பட்டன. 1872-க்கு முன் மன்றத்தை ஆண்ட வர்க்கம் அதோடு மறைந்தது. 1952 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி மாகாணங்களைக் கலைத்து பெசிர்க் எனப்படும் 14 நிர்வாகப் பகுதிகளாகவும் நிறையச் சிறு மாவட்டங்களாகவும் நாட்டை வெட்டியது. டெல்டோ முக்கியமாக மூன்றாகப் பிரிந்தது: கிழக்கே கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுசன், நடுவே சோசன், மேற்கே போட்ஸ்டாம் கிராமப்புற மாவட்டம். டிரெபின் பக்கம் லூக்கன்வால்டே மாவட்டத்துக்குப் போனது.

இன்று அந்த நிலம் எந்த மாவட்டங்களில் இருக்கிறது?

1993 டிசம்பரில் பிராண்டன்பர்க் மாநிலம் சிறு மாவட்டங்களைச் சேர்த்துப் பெரிதாக்கியது. சோசன், லூக்கன்வால்டே, ஜூட்டர்போக் மூன்றும் சேர்ந்து டெல்டோ-ஃப்ளெமிங் மாவட்டம். வண்டி எண் தொடக்கம் டிஎஃப். கோனிக்ஸ் வுஸ்டர்ஹவுசன் பக்கம் டாமே-ஸ்ப்ரேவால்ட், எல்டிஎஸ். மேற்குப் பக்கம் போட்ஸ்டாம்-மிட்டல்மார்க், பிஎம்.

இதில் ஒரு சிக்கலை நினைவில் வையுங்கள். டெல்டோ நகரம் டெல்டோ-ஃப்ளெமிங் மாவட்டத்தில் இல்லை, போட்ஸ்டாம்-மிட்டல்மார்க்கில் இருக்கிறது. 1952-ல் போட்ட கோடு 1993-ல் அப்படியே நீண்டதன் விளைவு.

முன்னோர் டெல்டோ மாவட்டத்தில் பிறந்தவர் என்று சான்றிதழ் சொல்கிறது. ஆவணத்தை எங்கே தேடுவது?

முதலில் ஊர்ப் பெயரைப் பிடியுங்கள், மாவட்டப் பெயரை அல்ல. அந்த ஊர் 1920-ல் பெர்லினோடு சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பெர்லின் மாநில ஆவணக் காப்பகம். இல்லையென்றால் உள்ளூர்ப் பதிவு அலுவலகமும், போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் தலைமை ஆவணக் காப்பகமும். பிரஷ்யாவில் அரசுப் பிறப்பு–இறப்புப் பதிவு 1874 அக்டோபர் 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவேடுகளில் இருக்கும்.

பழைய பெயர்களிலும் கவனம் வேண்டும். ரிக்ஸ்டார்ஃப் என்றால் இன்றைய நொய்கோல்ன். 1874-க்கு முன் அதுவே ஜெர்மன் ரிக்ஸ்டார்ஃப், பொஹீமிய ரிக்ஸ்டார்ஃப் என இரண்டு ஊர். நோவாவெஸ் என்றால் போட்ஸ்டாமின் பாபல்ஸ்பெர்க். நிலப் பத்திரம் தேடுகிறீர்கள் என்றால், ஊராட்சியா பண்ணைப் பகுதியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கோப்பு வேறு வேறு.

பெர்லினும் சுற்றுப்புறமும் மறுபடி ஒன்றாகும் வாய்ப்பு வந்ததா?

வந்தது. பெர்லினும் பிராண்டன்பர்க்கும் ஒரே மாநிலமாகலாமா என்று 1996 மே 5 அன்று மக்களிடம் கேட்டார்கள். பிராண்டன்பர்க் மக்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் 1920-ன் கோடு சிறு மாற்றங்களோடு இன்றும் மாநில எல்லை. 2020 அக்டோபர் 31 அன்று திறந்த பெர்லின் புதிய விமான நிலையம்கூட பெர்லினில் இல்லை. டாமே-ஸ்ப்ரேவால்ட் மாவட்டத்து ஷோனஃபெல்டில், பழைய டெல்டோ மண்ணில் இருக்கிறது. பெர்லின், பிராண்டன்பர்க், மத்திய அரசு மூன்றும் பங்குதாரர்களாகச் சேர்ந்துதான் அதை நடத்துகின்றன.